ஒரு நிமிஷப் படமும் வீட்டுச் சத்துமாவும்

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கைக்குழந்தைக்காரி. கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, கொஞ்சம் மல்லாட்டை எல்லாவற்றையும் பதமாக வறுத்து, மில்லில் அரைத்துச் சத்துமாவு விற்கிறார். தெருவில் பத்து வீடு, வேட்டவலத்தில் நாத்தனார் மூலமாக நாலு வீடு. அவ்வளவுதான் வியாபாரம். மேலே எழுதுகிறார்:

"செல்போன்ல ஒரு நிமிஷ வீடியோ போட்டே நிறையப் பேர் வியாபாரம் பண்றாங்களே அக்கா, நானும் போடலாமா? 'ஒரே மாசத்துல குழந்தை கொழுகொழுன்னு ஆயிடும், பெரியவங்களுக்குச் சர்க்கரை இறங்கிடும்'னு சொன்னாத்தான் ஜனங்க வாங்குவாங்கன்னு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்றான். அப்படிச் சொல்லலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: பேஷாகப் போடுங்கள். இரண்டாவதற்குப் பதில்: கூடவே கூடாது! இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

படம் காட்டிச் சரக்கு விற்பது புதிய சமாசாரமா என்ன? டூரிங் டாக்கீஸில் இடைவேளையின்போது உள்ளூர் ஜவுளிக்கடை 'ஸ்லைடு' போட்டதைப் பாட்டிமார் சொல்வார்கள். தூர்தர்ஷனில் 1976 ஜனவரி 1 முதல் வியாபார விளம்பரங்கள் வந்தன. 1980களில் விலை மலிவான நிர்மாவுக்குப் போட்டியாகச் சர்ஃப் சோப்புத்தூளுக்கு ஒரு விளம்பரம் எடுத்தார்கள். அதில் வந்த 'லலிதாஜி' ராணியும் அல்ல, நடனமாதும் அல்ல. பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் குடும்பத் தலைவி. மலிவான பொருளை வாங்குவது வேறு, நல்ல பொருளை வாங்குவது வேறு என்று நிதானமாகக் காரணம் சொன்னாள். மாயம், மந்திரம் எதுவும் சொல்லவில்லை. இன்றும் அவளை நினைவு வைத்திருக்கிறார்கள்!

அன்று அதற்குப் பெரிய கம்பெனியின் பணம் வேண்டியிருந்தது. இன்று கையில் ஒரு செல்போன் போதும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018-ல் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, அதைப் படம் எடுத்து யூடியூபில் போட்டார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று பெயர். 2021-ல் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள். அவர்களுடையவை நீளமான படங்கள்தான். ஆனால் பாடம் ஒன்றே: அலங்காரம் வேண்டாம், வேலை சுத்தமாக நடப்பதைக் காட்டினாலே ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இனி காரியத்துக்கு வருவோம். ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்கிற குட்டிப் படங்கள் எப்படிப் பரவுகின்றன தெரியுமோ? நீங்கள் போட்ட படத்தை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் கடைசிவரை பார்த்தால், மற்றவருக்கு அனுப்பினால், இன்னும் பலருக்குக் காட்டும். பாதியில் தள்ளிவிட்டுப் போனால் அதோடு சரி. ஆகவே, "வணக்கம், என் பேர்…" என்று ஆரம்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள். எடுத்த எடுப்பிலேயே இரும்புச் சட்டியில் கேழ்வரகு பொரியும் சத்தம் கேட்கட்டும்.

* காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ எடுங்கள். செல்போனின் கண்ணாடியை முந்தானை நுனியால் துடைத்துவிட்டு, போனை நிமிர்த்திப் பிடியுங்கள்.

* ஒரு படத்துக்கு ஒரே விஷயம். இன்று தானியம் களைந்து உலர்த்துவது. நாளை வறுக்கும் பதம். அடுத்த நாள் கட்டி தட்டாமல் கஞ்சி காய்ச்சுவது.

* சினிமாப் பாட்டைச் சேர்க்காதீர்கள். பாட்டுக்கு உரிமைக்காரர் உண்டு. வியாபாரத்துக்கு அவர் அனுமதி வேண்டும். உங்கள் குரலே போதும். நம்மூர்ப் பேச்சிலேயே பேசுங்கள். 'வேர்க்கடலை' என்று திருத்திக்கொள்ள வேண்டாம், 'மல்லாட்டை' என்றே சொல்லுங்கள்.

* மல்லாட்டையில் பூசணம் பிடித்த பருப்பு, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறிவதைக் கட்டாயம் காட்டுங்கள். ஈரம் பட்ட கடலையில் வளரும் பூசணம் ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுக்கப் போகாது. நீங்கள் பொறுக்குவதைப் பார்த்தவள் உங்களிடம் நம்பி வாங்குவாள்.

* கடைசியில் எடை, விலை, தபால் செலவு, ஆர்டர் கொடுக்க வேண்டிய வாட்ஸ்அப் எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள். "விலைக்குத் தனியாக மெசேஜ் பண்ணுங்க" என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

இப்போது அந்தத் தம்பியின் யோசனைக்கு வருவோம். "சர்க்கரை இறங்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பொட்டலம் கூடவே விற்கலாம். ஆனால் அதை நம்பி ஒரு பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்? நீரிழிவு, உடல் பருமன் போன்ற பல நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. பெரிய கம்பெனியான பதஞ்சலியே இப்படிப்பட்ட விளம்பரங்களுக்காக 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

குழந்தை விஷயம் அதைவிடக் கடுமை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவு என்று எதையும் விளம்பரம் செய்யவே கூடாது என்பது 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம். அத்தகைய உணவின் டப்பாவில் குழந்தை படமோ தாயின் படமோகூடப் போடக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. பெரிய கம்பெனிக்குத்தான் சட்டம், நமக்கில்லை என்று நினைக்காதீர்கள். சட்டம் ஏன் இவ்வளவு கறார்? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். கொழுகொழு குழந்தையின் படத்தைப் பார்த்த ஒரு இளம் தாய், "என் பால் போதலையோ" என்று பயந்து மூன்றாம் மாதமே மாவு கரைத்து ஊட்டினால், வயிற்றுப்போக்கில் அவதிப்படுவது அந்தச் சிசு அல்லவா? ஆகவே உங்கள் படத்தில் குழந்தையே வேண்டாம். "பெரியவர்களும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் குடிக்கும் கஞ்சி மாவு" என்று மட்டும் சொல்லுங்கள். அதுவே பெரிய சந்தை.

இன்னொன்று. ஒரு நிமிஷப் படத்தால் விற்பனை ஏறுவதைப் போல இறங்கவும் செய்யும். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டா டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, அதில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஒரு குட்டிப் படம் போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, அவர் படத்தை எடுத்துவிட்டார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் கம்பெனி சர்க்கரையைக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாதென்று ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. நம் பொட்டலத்தின் பின்பக்கத்தையும் ஒருநாள் யாராவது படிப்பார்கள். சேர்த்த பொருள்கள், எடை, தயாரித்த தேதி, விலாசம் எல்லாம் அதில் இருக்கட்டும். மல்லாட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அது இருப்பதைத் தனியாக எடுத்து எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணையும் அச்சிட்டபிறகே முதல் படத்தைப் போடுங்கள்.

பணத்தில் கவனம் தேவை. "ஐம்பது கிலோ வேணும், முன்பணம் அனுப்பறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று எவனாவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை! வியாபாரத்துக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பள்ளிச் சீருடை படத்தில் விழ வேண்டாம். அசிங்கமாகக் கருத்து எழுதுகிறவனுக்குப் பதில் சொல்லி மாளாது. தடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

விலை போடும்போது தானியம், மில் கூலி, காஸ், கவர், தபால் இவற்றோடு உங்கள் கூலியையும் சேருங்கள். "வீட்டு வேலைதானே" என்று அதை விட்டுவிடுகிற பெண்கள்தான் அதிகம். ஆறு மாதம் உழைத்தபிறகு, "கையில ஒண்ணும் நிக்கலையே" என்று அலுத்துப்போய் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

வாங்குகிறவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தங்களைப் பார்த்துவந்த ஜனங்களை ஒரே ராத்திரியில் இழந்தார்கள். செல்போனில் இருப்பது வாடகைக் கடை; நோட்டில் இருப்பதுதான் சொந்தம். மாவு தீரும் சமயம் பார்த்து, "அக்கா, போன தடவை மாவு எப்படி இருந்துச்சு?" என்று நீங்களே கேளுங்கள். குறை சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் முப்பது பேர்தான் பார்த்தார்கள் என்று மனம் தளர வேண்டாம். அந்த முப்பதில் மூன்று பேர் வாங்கினால் அது நல்ல வியாபாரம்தான். உங்களில் யாராவது இப்படிப் படம் போட்டு விற்கிறீர்களா? எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள், மற்ற சகோதரிகளுக்கு உதவும்.