கிளஸ்டரை அழித்த பிறகும் பில் வருவது ஏன்?

"கிளஸ்டரைத்தான் டெலிட் பண்ணிட்டோமே, அப்புறம் எதுக்கு பில்?" கிளவுடில் வேலை பார்க்கும் அணிகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பல நேரம் பதில் ஒன்றுதான்: கிளஸ்டர் போய்விட்டது, அதன் டிஸ்க்குகள் போகவில்லை.

எப்படி நடக்கிறது?

குபெர்னெட்டிஸில் செயலிகள் 'பாட்' எனும் அலகுகளில் ஓடுகின்றன. ஒரு பாட் எப்போது வேண்டுமானாலும் அழிந்து, வேறு சர்வரில் மறுபடி முளைக்கலாம். டேட்டா அப்படி அழியக் கூடாதே! அதனால் அது தனி டிஸ்க்கில் வைக்கப்படுகிறது. 'எனக்கு 100 ஜிபி வேண்டும்' என்று செயலி போடும் விண்ணப்பம்தான் 'பெர்சிஸ்டென்ட் வால்யூம் கிளெய்ம்', சுருக்கமாக பிவிசி. அதை ஏற்று, அமேசானில் இபிஎஸ் டிஸ்க் உருவாகிறது. அது இருப்பது உங்கள் கிளவுட் கணக்கில். பிவிசியை நீக்காமல் கிளஸ்டரை அழித்தால், டிஸ்க்கை நீக்கச் சொல்ல அங்கே ஆளே இருக்காது.

எவ்வளவு இழப்பு?

இபிஎஸ்ஸில் ஒதுக்கிய அளவுக்குத்தான் கட்டணம். யாரும் தொடாத டிஸ்க்குக்கும் மீட்டர் ஓடும். ஒரு ஜிபிக்கு மாதம் 0.08 டாலர் என்றால், கைவிடப்பட்ட 100 ஜிபி டிஸ்க்குகள் பத்துக்கு ஆண்டுக்கு 960 டாலர். அதில் வாடிக்கையாளர் விவரங்கள் இருந்தால், அவையும் கேட்பாரற்றுக் கிடக்கும்.

சரியான வரிசை என்ன?

1. முதலில் 'ரீகிளெய்ம் பாலிசி'யைப் பாருங்கள். 'டெலிட்' என்றால் பிவிசியோடு டிஸ்க்கும் போகும். 'ரீடெய்ன்' என்றால் டிஸ்க் தங்கும், நாமே தனியாக நீக்கணும்.

2. செயலியை நீக்குங்கள். பாட் பயன்படுத்தும்வரை பிவிசி 'டெர்மினேட்டிங்' நிலையிலேயே நிற்கும்.

3. அடுத்து பிவிசி. டேட்டாபேஸ்களை ஓட்டும் 'ஸ்டேட்ஃபுல்செட்'டை நீக்கினாலும் அதன் பிவிசிக்கள் இயல்பாகத் தங்கிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

4. கடைசியில்தான் கிளஸ்டர். பிறகு கிளவுட் கன்சோலில் எதனுடனும் இணையாத டிஸ்க்குகளைத் தேடுங்கள். ஸ்நாப்ஷாட்டுகளுக்குத் தனி பில் என்பதால் அவற்றையும் பாருங்கள்.

இது குபெர்னெட்டிஸின் குறையா?

இல்லை. சர்வரைச் சில நிமிடங்களில் மறுபடி எழுப்பிவிடலாம். பேக்கப் இல்லாத டேட்டா போனால் போனதுதான். அதனால்தான் இத்தனை தடுப்புகள். சோதனை கிளஸ்டருக்கு 'டெலிட்', வாடிக்கையாளர் டேட்டா இருக்கும் இடத்துக்கு 'ரீடெய்ன்' என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால், பில்லும் எகிறாது, டேட்டாவும் பறிபோகாது.