மன்னிக்கும் உரிமை யாருடையது?

திருமணத்தை மீறிய உறவு தேடுவோருக்கென்றே கனடாவின் டொராண்டோவிலிருந்து இயங்கியது 'ஆஷ்லி மேடிசன்' இணையதளம். 2015 ஆகஸ்ட் 18 அன்று, 'இம்பாக்ட் டீம்' என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட ஒரு கும்பல் அதன் வாடிக்கையாளர் விவரங்களை இணையத்தில் கொட்டியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள். மின்னஞ்சல், பணம் கட்டிய விவரம், படுக்கையறை விருப்பம் வரை எதுவும் மிச்சமில்லை. தளத்தை மூடாவிட்டால் வெளியிடுவோம் என்று ஜூலையிலேயே மிரட்டியிருந்தார்கள். ஏமாற்றுப் பேர்வழிகளுக்கு ரகசியம் ஒரு கேடா என்பது அவர்களின் வாதம்.

பலரும் கைகொட்டிச் சிரித்தார்கள். மின்னஞ்சலைத் தட்டினால் 'இருக்கிறார்', 'இல்லை' என்று சொல்லும் தேடல் பக்கங்கள் உடனே முளைத்தன. சிட்னியின் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு, கணவர் மீது சந்தேகம் என்று ஒரு பெண் பேசினார். நிகழ்ச்சி நடத்தியவர்கள் நேரலையிலேயே தேடிப் பார்த்து, கணவர் பட்டியலில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். அதிர்ந்துபோன அந்தப் பெண் இணைப்பைத் துண்டித்தார். ஊரே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதா ஒரு மனைவிக்கு இது தெரியவர வேண்டும்?

துரோகம் துரோகம்தான். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தத் துரோகத்தால் அடிபட்டவர் யார்? கணவரோ மனைவியோ, ஒரே ஒருவர். விலகிப் போவதா, நாலு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டுப் பேசுவதா, பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்வதா, அடியோடு மன்னிப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அவருக்காக நியாயம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, அவர் கையிலிருந்த அந்த ஒரே உரிமையைப் பிடுங்கிக்கொண்டது அந்தக் கும்பல்.

பட்டியல் வெளியான ஆறாம் நாள், அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் போதகர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் தன் மனச்சோர்வைப் பற்றியும் எழுதியிருந்தார், இந்தப் பட்டியலைப் பற்றியும் எழுதியிருந்தார். வேலை போய்விடும் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. மன்னிக்க முடியாத அளவுக்கு அது பெரிய விஷயமில்லை என்று அவர் மனைவி பிறகு தொலைக்காட்சியில் சொன்னார். மன்னிக்க வேண்டியவர் மன்னிக்கத் தயாராக இருந்தார். அதற்குள் ஊர் குறுக்கே புகுந்துவிட்டது.

சரி, அந்தப் பட்டியலாவது உண்மையா? பதிவு செய்பவரின் மின்னஞ்சல் அவருடையதுதானா என்றுகூட அந்தத் தளம் சரிபார்த்ததில்லை. யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் கணக்குத் தொடங்கலாம். பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், தன் பழைய முகவரியை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சவூதி அரேபிய முகவரிகளும் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. இத்தகைய உறவுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமுள்ள நாடு அது. இதையெல்லாம் யோசித்தா கொட்டினார்கள்? பணம் பறிப்பவர்கள் மட்டும் யோசித்தார்கள். பிட்காயின் அனுப்பு, இல்லையேல் மனைவிக்குச் சொல்வோம் என்ற மிரட்டல் சில நாட்களிலேயே தொடங்கிவிட்டது.

நிறுவனத்தின் யோக்கியதையும் பேசத்தக்கதல்ல. விவரங்களை அடியோடு அழிக்க 19 டாலர் வாங்கிக்கொண்டு, அழிக்காமல் வைத்திருந்தது. பாதுகாப்புக்கு விருது பெற்றதாகப் போலி முத்திரை ஒட்டியிருந்தது. ஆண்களை ஈர்க்க இல்லாத பெண்களை உருவாக்கி உலவவிட்டது. 2016இல் அமெரிக்க அரசு தரப்புக்கு அது கட்டியது சுமார் 16 லட்சம் டாலர். வழக்குத் தொடுத்த வாடிக்கையாளர்களுடன் 2017இல் செய்துகொண்ட சமரசம் 1 கோடியே 12 லட்சம் டாலர். இரண்டையும் கூட்டி வகுத்தால், கசிந்த கணக்கு ஒன்றுக்கு அரை டாலர்கூட வராது.

ஹேக்கர்கள் யாரென்று இதுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. தகவல் தருவோருக்கு அறிவிக்கப்பட்ட ஐந்து லட்சம் கனடா டாலர் பரிசும் பயன் தரவில்லை. 2020இலும் அதே பட்டியலை வைத்து மிரட்டல் மடல்கள் போயின. திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவர் மீதும் வழக்குப் பாய்கிறது. திருடிய அந்தரங்கத்தில் பெயர் தேடிக் கொடுப்பவர்களும், அதை நிகழ்ச்சியாக்கிக் காசு பார்ப்பவர்களும் அதே கூண்டில் ஏற வேண்டும். சும்மா ஆர்வத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தட்டிப் பார்த்ததாகச் சொல்பவர்களுக்கும் இதில் பங்குண்டு.