வானத்துப் படமும் பெரியவர் நினைவும்

"தம்பி, நம்ம லயம் எந்த இடத்துல இருந்துச்சு, உனக்குத் தெரியுமா?" செரண்டா பக்கம் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். நாங்கள் நின்ற இடம் முழுக்க இன்று தாமான் வீடுகள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தோழர்களே! பதில் பாதி வானத்தில் இருக்கிறது. 1972 ஜூலையில் அமெரிக்கா லேண்ட்சாட் என்ற துணைக்கோளை ஏவியது. அன்று முதல் அந்த வரிசைத் துணைக்கோள்கள் பூமியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து வருகின்றன. ஒரே இடத்தின் படங்களை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் காடு எப்போது அழிந்தது, ரப்பர் எப்போது செம்பனையாயிற்று, செம்பனை எப்போது தாமானாயிற்று என்று கணக்கிடலாம்.

பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். துணைக்கோள் அதை அளக்கிறது. ரப்பர் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். செம்பனை அப்படி உதிர்க்காது. அதை வைத்தே இரண்டையும் பிரித்தறியலாம். இலை உதிரும் காலத்தில் பால் குறைந்து சம்பளமும் குறைந்ததை அனுபவித்த நமக்கு இது புதுப் பாடமா என்ன? வாய்க்கால் வெட்டி நீர் வடிந்து தீப்பிடித்த ராஜா மூசா சதுப்புக் காட்டின் கதையும் இத்தகைய படங்களில் தெரியும்.

ஆனால் படத்துக்கும் குறை உண்டு. நம் நாட்டில் மேகம் மறைக்கும். 1982க்குப் பிந்திய படங்களிலேயே ஒரு புள்ளி 30 மீட்டர். சின்னக் கோயில் அதில் தனியாகத் தெரியாது. அங்கே வியர்வை சிந்தியவர் யார் என்பதும் தெரியாது. ஆய்வாளர்களே தரையில் போய்ச் சரிபார்த்த பிறகுதான் படத்தை நம்புகிறார்கள். நமக்கு அந்தச் சரிபார்ப்பைச் செய்யக்கூடியவர்கள் நம் பெரியவர்கள்தாம்.

2008 முதல் இப்படங்கள் இலவசம். படித்த பிள்ளைகள் பழைய படத்தைத் திறந்து தாத்தா பாட்டியிடம் காட்டட்டும். ஆற்று வளைவையும் சாலையையும் அடையாளம் வைத்து, "இங்கதான் லயம், இங்கதான் கோயில், இங்கதான் பள்ளிக்கூடம்" என்று அவர்கள் சொல்வதை ஆண்டோடு எழுதி வைக்கட்டும். நாளை நிலம், வீடு, கோயில் என்று பேச்சு வரும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

படம் பத்திரமாக இருக்கும். பெரியவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்!