பழைய படங்களும் ஒரு மணி நேரமும்

கலை என்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. பட்டம், போட்டித் தேர்வு, பிறகு ஒரு வேலை. இந்த வரிசையில் தூரிகைக்கு இடம் ஏது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மில் பலர் மாலையில் கடைகளில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். ஆயினும், "நேரமில்லை" என்பது முழு உண்மையன்று என்பதே என் கருத்து.

ஆறாம் வகுப்பிலிருந்து நான் தீட்டிய படங்களை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை கோடை விடுமுறையில் அவற்றைத் தரையில் பரப்பிப் பார்ப்பது வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தை அப்போதும் வரைந்திருக்கிறேன். சென்ற ஆண்டும் வரைந்தேன். புதிய படத்தில் அளவுகள் பொருந்துகின்றன. நிழல் விழவேண்டிய பக்கத்தில் விழுகிறது. பழைய படத்திலோ பதினொரு நிலைகளும் பதினொரு வண்ணங்கள்! அந்தத் துணிச்சல் புதியதில் இல்லை. தொடர்ந்து வரைகிறவனுக்குத் திறமை வளரும். அதோடு அச்சமும் வளரும். இதைப் பழைய படமன்றி வேறு எந்த ஆசிரியர் எனக்குச் சொல்லித்தர முடியும்?

பழைய படங்கள் ஊரின் நினைவையும் காக்கின்றன. ராஜபாளையத்தின் மேற்கே தெரியும் மலையை எங்கள் மாடியிலிருந்து பல முறை தீட்டியிருக்கிறேன். முதல் படத்தில் மலையடிவரை தோப்பு. அண்மைப் படத்தில் பாதியை வீடுகள் மறைக்கின்றன. வரையும்போது தெரியாத மாற்றம், இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான் தெரிந்தது.

நம் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் சி. கொண்டையராஜுவை எண்ணிப் பாருங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகங்களுக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவருடைய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாகத் தமிழகத்தின் வீடுதோறும் தொங்கின. தை பிறந்ததும் பழைய காலண்டரைக் கழற்றி எறிந்துவிடுவது நம் பழக்கம். அன்று எறியப்பட்டவற்றை இன்று ஆய்வாளர்கள் தேடி அலைகிறார்கள். எறிவது எளிது, திரும்பப் பெறுவது அரிது.

காலம் கடந்துவிட்டது என்று சொல்வோருக்கும் விடையுண்டு. கவி தாகூர் ஓவியத்தில் முழுமையாக இறங்கியபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். கையெழுத்துப் படிகளில் தாம் அடித்த வரிகளை இணைத்து உருவங்களாக்கியதே அதன் தொடக்கம். 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் எழுத வந்ததும் முப்பது வயதுக்குப் பின்னரே. இவர்களுக்கும் ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரந்தான்!

மதிப்பெண் குறைந்துவிடுமே என்று அஞ்சுவோர் தம் கைப்பேசியில் கழியும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பார்க்கட்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதில் ஒரு பென்சில் கோட்டோவியம் முடிந்துவிடும். வேண்டியது ஓய்வு நாளன்று. ஒழுங்கான ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தை மாணவர் மட்டும் தேடிக்கொண்டால் போதாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்திலிருந்த தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். வீட்டைக் கொடுத்தவரின் மண்ணில், வாரத்தில் ஒரு பாடவேளையைக் கேட்பது பேராசையா? பேராசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன். ஆண்டு விழாவில் ஓர் ஓவியக் கண்காட்சியும் வேண்டும். அதில் ஒவ்வொருவரின் முதலாண்டுப் படமும் மூன்றாமாண்டுப் படமும் அருகருகே தொங்கவேண்டும். பரிசுகூடத் தேவையில்லை, அந்த ஒப்பீடே பரிசு.

மாணவ நண்பர்களே! வரைந்ததன் பின்புறம் தேதியைக் குறித்து வையுங்கள். பிடிக்காத படத்தையும் கிழிக்காதீர்கள். பத்தாண்டுகளுக்குப் பின் அதைப் பார்க்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்காக இன்று ஒரு படம் வரையுங்கள்.