ஒரு நாள் கறுப்பு

கல்யாண சீசனில் ஏதாவது ஒரு மண்டப வாசலில் நின்று கவனியுங்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தலை ஒரே மாதிரி கறுப்பு. காக்கைகூட அவ்வளவு கறுப்பில்லை. "என்ன சார், டையா?" என்று கேட்டுப் பாருங்கள். "சேச்சே, ஹெர்பல்!" என்பார்கள்.

இந்த 'ஹெர்பல்' மேல்தான் என் கோபம்.

எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ராத்திரி பெரிய மாமா ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். அட்டையில் பச்சைப்பசேலென்று மருதாணி இலை. அரை மணியில் தலை கறுத்துவிட்டது. காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றி, இமை எல்லாம் பூரி மாதிரி உப்பிவிட்டன. தட்டு மாற்றுகிற நேரத்தில் மாமா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "பத்து வருஷமா இதைத்தானேப்பா போடறேன், இப்ப மட்டும் ஏன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மருதாணியில் சாயம் தருவது லாசோன் என்ற பொருள். அதற்குத் தெரிந்த நிறம் செம்பட்டையும் சிவப்பும்தான். கறுக்க வேண்டுமானால் மருதாணி போட்டு அலசி, அதன்மேல் அவுரி இலைப் பொடி போட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். மருதாணிப் படம் போட்ட பொடி அரை மணியில் கன்னங்கரேலென்று கறுக்கிறது என்றால், உள்ளே பெரும்பாலும் இருப்பது பாராஃபினிலின்டயமின். சுருக்கமாக பிபிடி. பலரை இது ஒன்றும் செய்யாது. சிலரிடம் பல வருஷம் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் சீறும். உடம்பு ஒரு தடவை அதை எதிரி என்று குறித்துக்கொண்டால், அநேகமாக ஆயுசுக்கும் மறக்காது.

இது புதுச் செய்தியுமில்லை. 1933ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் பெண்களின் பார்வையைப் பறித்தது. அதிலும் இதே சரக்குதான். அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1938ல் அங்கே அழகுப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம் ஊர் பாக்கெட்டிலும் 'முதலில் சோதித்துப் பார்க்கவும், புருவத்திலும் இமையிலும் போடாதீர்கள்' என்று எச்சரிக்கை உண்டு. எறும்பு படிக்கிற சைஸில். இலைப் படம் மட்டும் உள்ளங்கை அகலம். இது வியாபார சாமர்த்தியமா, ஏமாற்றா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஒரு நாள் விசேஷத்துக்குத்தானே கறுப்பு வேண்டும்? அலசினால் போய்விடுகிற சாயம் இருக்கிறதே! ஹேர் மஸ்காரா, குச்சி, ஸ்ப்ரே என்று கிடைக்கிறது. நிரந்தரச் சாயம் முடிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இது முடியின் மேல் பூச்சாக ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, ராத்திரி ஷாம்பூ போட்டால் கிளம்பிவிடும். எண்ணெய் இல்லாத, நன்றாகக் காய்ந்த தலையில், வகிடு, காதோரம் என்று நரை தெரிகிற இடத்தில் மட்டும் தடவுங்கள். காய்ந்த பிறகு சீவுங்கள். இதிலும் என்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள், காதுக்குப் பின்னால் துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

"வேர்த்தா சட்டையில வழியுமே சார்?" வழியும். நம் ஊர் வெயிலில் நிச்சயம் வழியும். கலர் சட்டை போடுங்கள். சட்டைக் கறை வண்ணானோடு போகும், முகம் வீங்கினால் யாரிடம் போடுவீர்கள்?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. நாற்பத்தைந்து வயசுக்காரர் நரையோடு இன்டர்வியூ போனால் உதட்டைப் பிதுக்குகிறோம். நரைத்த பெண்மணியை "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறோம். பாக்கெட் விற்கிறவனுக்கு மார்க்கெட் பிடித்துக் கொடுப்பது நாம்தான்.

மாமா இப்போது வெள்ளைத் தலையோடுதான் வருகிறார். ஒருவரும் பந்தியை விட்டு எழுந்துபோகவில்லை.

இன்று ராத்திரி உங்கள் அலமாரியில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லையா? மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வயசாகிவிட்டது, பரவாயில்லை.