பட்டியல் என்ன, வேதமா?

ஓசூர் சிப்காட் ஆலையிலே வேலை முடித்து வெளியே வருகிறான் ஒரு தொழிலாளி. பீகாரிலிருந்து வந்தவனாக இருக்கலாம். ஊத்தங்கரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம். அவன் கூலி இன்று கைக்கு வருவதில்லை, வங்கிக் கணக்கில் விழுகிறது. அந்தக் கணக்கிலுள்ள அவன் பெயரை ஒரு பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பட்டியல் எழுதப்பட்ட இடம் பக்கத்துப் பெங்களூரும் அன்று, டில்லியும் அன்று. கடல் கடந்த நியூயார்க்கிலே, பதினைந்து நாடுகள் அமரும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் குழுவொன்றில் எழுதப்பட்டது அது!

எழுதியவர் யார், ஆதாரம் என்ன, மறுப்புரை கேட்டனரா என்று வினவினால், "உலக மன்றம் சொல்லிவிட்டது" என்பதே விடை. கேள்வி கேளாதே, கேட்டால் பாவம் என்று நம் பாட்டன்மாரை அடக்கிய குரலல்லவா இது! மனுவின் ஏட்டையே மடக்கி வைத்து "ஏன்?" என்று கேட்டவர்கள் நாம். மன்ஹாட்டனிலிருந்து வந்தது என்பதற்காக ஓர் ஏட்டை மகுடம் சூட்டி ஏற்றுக்கொள்வோமா?

பயங்கரவாதத்தை ஒடுக்க வேண்டாம் என்று கூறுவோரல்லோம். குண்டு வைப்பவனுக்குப் பணம் போகும் வழியை அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அடைக்கும் அதிகாரத்தை யார், யாரைக் கேட்டு, யாருக்குக் கணக்குக் காட்டிச் செலுத்துவது? நம் கேள்வி அதுதான்.

அதிகாரம் வரும் வழியைப் பாருங்கள். 1947-இல் ஐக்கிய நாடுகள் (பாதுகாப்பு அவை) சட்டம் என்றொரு சிறு சட்டம் இயற்றப்பட்டது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தலுக்கு முன்பே, அரசியலமைப்புச் சட்டம் பிறப்பதற்கும் முன்பே வந்த சட்டம் அது. பாதுகாப்பு அவை பணித்தால், மைய அரசு அரசிதழில் ஓர் ஆணை வெளியிட்டு அதை நிறைவேற்றலாம். அந்த ஆணையிலேயே தண்டனையும் விதிக்கலாம் என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. அதன் கீழ் 2007-இல் பிறந்தது ஓர் ஆணை. பம்பாய்த் தாக்குதலின் கொதிப்பு ஆறுமுன், 2008 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டே நாட்களில் இரு அவைகளும் நிறைவேற்றிய திருத்தம், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் 51-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2007 ஆணையின் பட்டியலிலுள்ளோர் பணத்தை முடக்கலாம், பறிமுதல் செய்யலாம். பயங்கரவாதத்தில் ஈடுபட்டதாகச் 'சந்தேகிக்கப்படும்' பிறருடையதையும் முடக்கலாம்!

முடக்கும் ஆணைக்கு முன்னறிவிப்பு இல்லை. பெயர் ஒற்றுமையால் அப்பாவி சிக்கினால், "நான் அவனல்லன்" என்று அவனே ஆதாரத்துடன் எழுதித் தர வேண்டும். சரிபார்த்து விடுவிக்கப் பதினைந்து வேலைநாட்கள் என்றது 2009-ஆம் ஆண்டு நடைமுறை. பட்டியலிலுள்ள பெயர்களோ, நம் தெருவில் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர்கள். வாடகை கேட்கும் வீட்டுக்காரனிடம் ஓசூர்த் தொழிலாளி எந்த அரசிதழைக் காட்டுவான்?

இதெல்லாம் வீண் அச்சம் என்பாரும் உளர். அவர்களை ஊத்தங்கரைக்கு அழைக்கிறோம். 2001 செப்டம்பர் 28-இல், நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்த பதினேழாம் நாள், பாதுகாப்பு அவை 1373-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த அவையில் அன்று இந்தியாவுக்கு இடமே இல்லை. ஒரு மாதம் முடியுமுன் டில்லி பொடா அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது; அத்தீர்மானமும் அதற்கு ஒரு நியாயமாகக் காட்டப்பட்டது. மாநிலங்களவை, ஆம், மாநிலங்களின் பெயரால் அமைந்த அவை, 2002 மார்ச்சில் மசோதாவைத் தள்ளியது. தள்ளினால் என்ன? கூட்டுக்கூட்டம் கூட்டி, மார்ச் 26-இல் 425-க்கு 296 என்ற கணக்கில் நிறைவேற்றிக் கொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், அன்றைய தருமபுரி மாவட்டத்து ஊத்தங்கரையில் (இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம்) போலீசார் சுட்டதில் ஓர் இளைஞர் மாண்டார். நக்சலைட்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பெண்கள் உட்படப் பலர் பொடாவில் அடைக்கப்பட்டனர். பதினெட்டு வயது நிரம்பாத சிறுவனும் அவர்களில் ஒருவன். நியூயார்க்கில் விமானம் மோதியது. ஊத்தங்கரையில் சிறுவன் சிறை புகுந்தான்! இடையிலே எத்தனை கடல், எத்தனை மலை! இவ்வளவு தூரத்தையும் இணைத்த பாலம், "உலக மன்றம் பணித்தது" என்ற ஒரு வாசகம்.

நம் வீட்டுக் குறையையும் மறைக்க வேண்டாம். மக்களவையில் பொடாவை ஆதரித்தவர் வைகோ. 2002 ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் கைதாகிப் பத்தொன்பது மாதம் வேலூர்ச் சிறையில் கிடந்தார். வெறும் சொல்லாதரவு குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் விளக்கியது 2003 டிசம்பர் 16-இல். அதே தீர்ப்பில் 1373-ஐச் சுட்டிக்காட்டிச் சட்டம் செல்லும் என்றும் கூறியது. 2004-இல் பொடா புதைக்கப்பட்டது. அதன் எலும்புகள் பல அந்த ஆண்டே வேறு சட்டத்துக்குள் பொருத்தப்பட்டன. கை தூக்குமுன் படிக்க வேண்டும் என்ற பாடத்துக்கு இவ்வளவு விலையா கொடுப்பது!

இலண்டனில் நடந்ததைக் கேளுங்கள். அங்கும் 1946-இல் இதே அச்சில் வார்த்த சட்டம் ஒன்றுண்டு. அதைக் கொண்டு சர்க்கார் ஆணை போட்டுச் சிலர் பணத்தை முடக்கிற்று. 2010 ஜனவரி 27-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், இத்தனை பெரிய அதிகாரத்தைப் பாராளுமன்றமே தெளிவாக வழங்க வேண்டும், அமைச்சரகம் தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஆணையைச் செல்லாததாக்கியது. அந்த ஆண்டே அங்கே பாராளுமன்றம் கூடி விவாதித்துச் சட்டம் செய்தது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஐ.நா.வே கூச்சப்பட்டு, அல்-கொய்தா பட்டியலிலிருந்து பெயர் நீக்கக் கோருவோர் முறையிட 2009-இல் ஒரு நடுவரை ஏற்படுத்தியது.

இங்கோ, ஒரு மாநில ஆட்சியைக் கலைக்கும் 356 பிரகடனத்துக்குக்கூட இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் தேவை. ஒரு மனிதனின் பெயரைக் கறுப்பாக்கும் ஆணைக்கு அது தேவையில்லை! 2019 திருத்தத்துக்குப் பின், அமைப்பு என்றில்லை, தனிமனிதனையே பயங்கரவாதி என்று மைய அரசு அட்டவணையில் எழுதலாம். பெயரை நீக்கக் கோரி முதலில் முறையிட வேண்டியதும் எழுதிய அதே அரசிடம். அப்புறம்தான் மறு ஆய்வுக் குழு, அக்குழுவை அமர்த்துவதும் அதே அரசு!

ஆணை வந்த இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் விவாதித்து ஒப்ப வேண்டும், ஒப்பாவிடில் அது காலாவதியாக வேண்டும். எத்தனை கணக்கு முடங்கிற்று, எத்தனை தவறாக முடங்கிற்று என்ற கணக்கு ஆண்டுதோறும் அவையின் குழுவுக்கு வர வேண்டும். இதைக் கேட்பது தேசத்துரோகம் என்றால், அரசியலமைப்பின் 300-ஏ பிரிவும் துரோகந்தான். சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கலாகாது என்கிறதே அது!

கிருஷ்ணகிரித் தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோர், எந்தக் கொடி பிடித்து வந்தாலும் சரி, ஓசூர் ஆலை வாயிலில் நம் தோழர்கள் அவர்களை நிறுத்தட்டும். 2007-ஆம் ஆண்டு ஆணையைப் படித்தீரா, படிக்கவில்லையென்றால் எப்போது படிப்பீர் என்று கேட்டு, பதிலைத் தேதியிட்டு எழுதி வாங்கட்டும்.