பழங்கல்லும் சிமெண்டுச் சிறையும்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளில் தேன்நிறச் சுண்ணாம்புக் கல்லால் எழுந்த பழங்குடில்களைப் புதுப்பிப்போர், இடிந்த வீடுகளின் கற்களையும் ஓக் மர உத்தரங்களையும் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். பழமையைப் போற்றுவோர் என்று பெயரும் பெறுகின்றனர். பின்னர் அக்கற்களைச் சிமெண்டுக் கலவையிலே பதிக்கின்றனர்! இதனைப் பழமைப்பற்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

இடிந்த வீட்டின் கல் இவர்கள் கைக்கு முழுதாய் வந்ததே, முன்னையோர் அதனைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தமையால்தான். அச்சாந்து கல்லினும் மென்மையானது. உளிகொண்டு தட்டினால் உதிரும். கல்லுக்கு ஊறு நேராது. சுவரில் ஏறிய ஈரமும் அதன் வழியே வெளியேறும். 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் வழிவந்ததோ, ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து விரிய, கல்லின் முகம் பொரிந்து உதிரும். பழுது நீக்கப் பிரித்தாலோ, கலவை விடாது, கல்லே உடையும்.

'சிமெண்டு விரைவில் இறுகும். கூலி குறையும்' என்பர். உண்மையே. (சுண்ணாம்பு இறுகப் பொறுமை வேண்டும், அது கடையில் விற்கும் சரக்கன்று.) ஆயின், சிக்கனம் கருதுவோர் பழங்கல்லுக்குப் பெருவிலை கொடுப்பானேன்? முன்னவர் பிரித்தெடுக்கத்தக்கதாய் விட்டுச்சென்ற கல்லைப் பெற்றுக்கொண்டு, பின்னவர் எடுக்கவொண்ணாதபடி பூட்டுவது எவ்வகை நேர்மை?

வில்லியம் மாரிஸ் முதலியோர் 1877-இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றளவும் இத்தகைய சுவர்களுக்குச் சுண்ணாம்பையே வலியுறுத்துகிறது. கொத்தனாரைக் குறைகூறிப் பயனில்லை. கல்லின் வயதை ஆயிரம் முறை விசாரித்துவிட்டு, கலவை யாதென்று ஒருமுறையும் கேளாத வீட்டுக்காரரே இதற்குப் பொறுப்பாளர்.